கை நீட்டுதல்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில் நான் விட்ட பிழைகளில் இன்றைக்கும் உறுத்துவது இரண்டே சொற்கள் கொண்ட ஒரு வசனம். எதிரிக் கூண்டில் நின்ற கரைவலைத் தொழிலாளி ஒருவர் சொன்னார்: "கை நீண்டுவிட்டது, ஐயா." நான் நீதவானின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் "மம கெஹுவா" என்றேன். நான் அடித்தேன். நீதவான் எழுதிக்கொண்டார். மதிய இடைவேளைக்கு முன் கூப்பிட வேண்டிய வழக்குகள் இன்னும் ஏழு இருந்தன.

அவர் "நான் அடித்தேன்" என்று சொல்லவேயில்லை. கைதான் நீண்டது, அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலச் சொன்னார். சிங்களத்தில் இதற்குக் கச்சிதமான ஒரு வழக்கு இருக்கிறது: "மகே அதின் வுணா", என் கையால் நடந்துபோயிற்று. கோப்பை தவறி உடைந்தால் வீட்டில் சொல்வது. சின்ன வயது முதல் அயலில் கேட்டுப் பழகிய வசனம்தான், அன்று வாயில் வரவில்லை. வந்திருந்தால் தண்டப்பணம் குறைந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதர் தன்னைப் பற்றித் தானாகச் சொன்ன ஒரேயொரு வசனத்தை நான் வேறொருவருடைய வசனமாக்கிவிட்டேன்.

எங்களை நீதிமன்றத்தில் "முதலியார்" என்று அழைப்பார்கள். சாதிப் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம்; ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் பதவிப் பெயர். முதலியாருக்குச் சொந்தக் கருத்து கிடையாது. எதிரி அழுதால் அழக் கூடாது, சட்டத்தரணி பகிடி விட்டால் சிரிக்கக் கூடாது. ஒருவர் வாயிலிருந்து வருவதை எடுத்து இன்னொருவர் காதில் வைப்பதுதான் வேலை. பல வருடம் இதைச் செய்தால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. யார் என்ன செய்தார்கள் என்பது மறந்துபோகும்; எந்தச் சொல்லால் சொன்னார்கள் என்பது நிற்கும். "கண் மண் தெரியவில்லை." "இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது." "சனியன் பிடித்துக்கொண்டது." "என்னையறியாமல் நடந்துவிட்டது." கண், இரத்தம், சனியன் என்று எல்லோரும் அந்த வசனங்களில் இருக்கிறார்கள். செய்தவரை மட்டும் காணவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு மகள் உளவளத்துணை டிப்ளோமா படிக்கச் சேர்ந்தாள். குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன, பரீட்சை தமிழில். வீட்டில் ஒரு முன்னாள் முதலியார் சும்மா இருப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. அப்படித்தான், ஒருவர் தானறியாமல் மனத்தின் அடியில் வைத்திருப்பதைத் தேடும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டும் அவர் வழிவந்தவர்களும் திருகோணமலைக்கு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். வன்முறையையும் குற்றத்தையும் உளப்பகுப்பாய்வு எப்படி விளக்குகிறது என்ற பகுதி வந்தபோது மகளை எழுப்பிவிட்டு அந்தக் கதிரையில் நானே உட்கார்ந்துகொண்டேன். "என்னையறியாமல்" என்ற சொல்லை எடுத்து ஒரு சாத்திரமே கட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிராய்ட் குற்றவாளிகளைப் பற்றி அதிகம் எழுதியவரல்லர். 1916இல் எழுதிய கட்டுரை ஒன்றின் கடைசிப் பகுதி மட்டும் சில பக்கங்களில் ஒரு விசித்திரமான காரியத்தைச் சொல்கிறது. தன்னிடம் வந்த மரியாதைக்குரிய ஆட்கள் சிலர் இளமையில் களவெடுத்ததாக, ஏமாற்றியதாக, தீ வைத்ததாகக்கூடச் சொன்னார்களாம். ஏன் செய்தார்கள் என்று தோண்டியபோது, செய்த பிறகு அவர்களுக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது தெரியவந்தது. அவர்களுக்குள் ஏற்கனவே ஒரு குற்றவுணர்வு இருந்தது. எதற்கென்று தெரியாத, பெயரில்லாத குற்றவுணர்வு. களவெடுத்ததும் அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்பது நம் பழமொழி. பிராய்ட் அதைத் தலைகீழாக்கிவிட்டார்: குறுகுறுக்கும் நெஞ்சு குற்றம் தேடும்.

கேட்பதற்குக் கிறுக்குத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் அதே இடத்தில் சிறுபிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்கிறார்: சில பிள்ளைகள் தண்டனையை வரவழைப்பதற்காகவே குழப்படி செய்வார்கள், தண்டனை கிடைத்ததும் அமைதியாகிவிடுவார்கள். இதை வாசித்ததும் என் அம்மாவின் குரல் கேட்டது. "இவனுக்கு இன்றைக்கு அடி கேட்கிறது." அடி கேட்கிறதாம்! கேட்பது வாயல்ல, உடம்பு. வியன்னாவில் ஒருவர் பல வருடம் நோயாளிகளைப் படுக்க வைத்துக் கண்டுபிடித்ததை எங்கள் தாய்மார் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்கள். அடுத்தபடியாக அந்தக் கரண்டியாலேயே கேட்டதைக் கொடுத்தும்விட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் அந்தச் சைக்கிள் பையன் நினைவுக்கு வந்தான்.

பதினேழு வயது. பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் ஒரு சனிக்கிழமை பூட்டாமல் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். குற்றப்பத்திரத்தில் "துவிச்சக்கரவண்டி ஒன்று" என்று இருந்தது. அந்தச் சொல்லை உச்சரித்த காலமெல்லாம் அது ஏதோ யானை பூட்டிய தேர் என்றே எனக்குத் தோன்றும். சைக்கிளின் சொந்தக்காரருக்கு உவர்மலை இறக்கத்தின் அடியில் கடை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பையன் அதே சைக்கிளில் இறக்கத்தால் வந்து அதே கடை வாசலில் நின்றான். கடைக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறி, இன்னும் ஆச்சரியம் நீங்காதவராகச் சொன்னார்: "என் வாசலுக்கே வந்தான், ஐயா. என்னைப் பார்த்துக்கொண்டே வந்தான்."

நீதவான் பையனிடம் ஏன் எடுத்தாய் என்று கேட்டார். "தெரியாது, ஐயா." ஏன் அந்தக் கடைக்கே கொண்டுபோனாய்? பையன் பதில் சொல்லவில்லை. வலது கைப் பெருவிரல் நகத்தால் கூண்டின் மரவிளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வார்னிஷ் உரிந்து சின்னச் சின்னச் சுருளாக விழுந்தது. அந்த இடத்தில் ஏற்கனவே நிறையப் பேர் சுரண்டியிருந்தார்கள். பின்வரிசையில் அம்மம்மா இருந்தார். தாய் குவைத்தில் வீட்டு வேலை, பையனுக்கு நான்கு வயதாக இருக்கும்போது முதல் தடவை போனவர், வந்து வந்து போய்க்கொண்டிருப்பவர்.

டொனால்ட் வினிகொட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், பின்னர் உளப்பகுப்பாய்வாளர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து நகரங்களிலிருந்து அகற்றப்பட்ட பிள்ளைகளில், எந்த வீட்டிலும் வைத்திருக்க முடியாத குழப்படிக்காரரைச் சேர்த்து வைத்த விடுதிகளுக்கு ஆலோசகராக இருந்தவர். அந்த அனுபவத்திலிருந்து 1956இல் அவர் சொன்னது இது: களவெடுக்கும் பிள்ளை பொருளைத் தேடவில்லை, தனக்கு உரித்தான, இடையில் காணாமற்போன ஒன்றைத் தேடுகிறான். அது பெரும்பாலும் தாய். ஒருபோதும் எதுவும் கிடைக்காத பிள்ளை தேடவும் மாட்டான். ஒரு காலத்தில் கிடைத்து, பிறகு பறிபோனவன்தான் தேடுவான். அதனால் களவு நம்பிக்கையின் அடையாளம் என்றும் சொன்னார்; யாராவது கவனிப்பார்கள் என்று இன்னும் நம்புகிறவன்தான் தொல்லை கொடுப்பான்.

தமிழில் கை நீளம் என்றால் களவு. கை நீட்டுவது என்றால் அடிப்பது. அதே கை நீட்டுவதுதான் கேட்பதும், இரப்பதும். மொழிபெயர்ப்புக்காரனுக்கு இப்படி ஒன்று அகப்பட்டால் இரவு நித்திரை வராது. வினிகொட் பக்கம் பக்கமாக எழுதிச் சேர்க்கப் பார்த்த மூன்றும் எங்கள் வாயில் ஒரே கையாகக் கிடந்தன. எதிரிக் கூண்டில் நீண்ட கைகள் எத்தனை பார்த்திருப்பேன்! கேட்கிற கை எது என்று எப்போதாவது யோசித்தேனா?

பையனின் கதை எனக்கு முழுமையாக விளங்கிவிட்டது போல இருந்தது. நான்கு வயதில் தாய் போனாள், பதினேழில் சைக்கிளை எடுத்தான், பிடிபடுவதற்காகவே கொண்டுபோய் வாசலில் நிறுத்தினான். பிராய்டும் வினிகொட்டும் இருபுறமும் கையொப்பம் வைத்துவிட்டார்கள். மகளிடம் சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, "அப்பா, அப்பனைக் கேட்டார்களா?" என்றாள்.

கேட்கவில்லை. அந்தப் பையனின் தகப்பன் எங்கே என்று நீதிமன்றத்தில் எவரும் கேட்டதாக நினைவில்லை. நானும் கேட்கவில்லை, குறிப்புகளும் கேட்கவில்லை. இந்தச் சாத்திரத்தில் எனக்கு ஆத்திரம் வருகிற முதல் இடம் இது. ஜோன் போல்பி என்ற ஆங்கிலேய உளமருத்துவர் 1944இல் 44 களவுப் பிள்ளைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இன்றும் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. அந்த 44 பேரில் 14 பேர் எவர்மீதும் பாசமற்றவர்கள் என்று அவர் வகுத்தார். அந்த 14 பேரில் 12 பேர் சிறுவயதில் நீண்டகாலம் தாயைப் பிரிந்திருந்தவர்கள். களவெடுக்காத 44 பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் அப்படிப் பிரிந்தவர்கள் இரண்டே பேர். கணக்கு கவர்ச்சியானது. ஆனால் யார் பாசமற்றவர் என்று தீர்மானித்தவரும் போல்பி, யார் பிரிந்தவர் என்று பார்த்தவரும் போல்பி. எங்கள் நீதிமன்றத்தில் முறைப்பாட்டாளரே தீர்ப்பும் எழுதினால் ஏற்றுக்கொள்வோமா? 1972இல் மைக்கேல் ரட்டர் என்ற இன்னோர் உளமருத்துவர் இதைப் பிரித்துக் காட்டினார்: பிரிவு மட்டுமே பிள்ளையைக் கெடுப்பதில்லை, பிரிவைச் சுற்றி வீட்டில் நடக்கும் சண்டையையும் சிதைவையும் பார்க்க வேண்டும் என்று.

ஆனால் ஒரு கருத்து ஒருமுறை காற்றில் கலந்தால் அரசாங்கத்தின் கோப்புக்கும் போய்விடும். நமது நாட்டில் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்று வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள பெண் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போக முடியாது. 2022இல், பொருளாதாரம் விழுந்து டொலர் தேவைப்பட்டபோது, அந்த வயது இரண்டாகக் குறைந்தது. மூன்று வருடத் தாய்ப்பாசத்தின் விலை என்ன என்று அந்த வருடம் தெரிந்துகொண்டோம். தகப்பன்மாருக்கு இப்படி ஓர் அறிக்கை கேட்டதில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் தாய்மார் அனுப்பிய காசில் கல்வீடு எழுந்து, படித்து, ஒரு சைக்கிளையும் தொடாமல் ஆசிரியர்களாகவும் தாதிகளாகவும் ஆன பிள்ளைகள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். நீதிமன்றத்துக்கு வராதபடியால் அவர்களை யாரும் ஆராயவில்லை.

தாய் என்று வந்தால் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கு இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும் இராவணன் வெட்டு. நோயில் கிடந்த தாய் வழிபட இறைவனையே மலையோடு பெயர்த்துக் கொண்டுபோக வந்தவன் வாளால் வெட்டிய பிளவு என்பது ஊர்க் கதை. பிறகு தாய் இறந்தாள் என்ற செய்தியை அந்தணர் வேடத்தில் விஷ்ணு வந்து சொல்ல, அவளுக்குக் கடன் கழிக்க இராவணன் வாளை ஊன்றிய ஏழு இடங்கள்தான் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். சிறுவயதில் அந்தக் கிணறுகளில் வாளியை விட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு என்று கூச்சலிட்டிருக்கிறோம். ஒரு மகன் தாய்க்காக எடுத்த வாளும் தாய் போனபோது பெருகிய வெந்நீரும்! பிராய்டுக்கு இந்தக் கதை கிடைத்திருந்தால், தந்தையைக் கொன்று தாயை மணந்த ஈடிப்பஸைத் தேடிக் கிரேக்கத்துக்குப் போயிருக்க மாட்டார். கதிர்காமத்துச் சடைமுடித் துறவிகளை உளப்பகுப்பாய்வின் கண்ணால் பார்த்து 1981இல் ஒரு நூலே எழுதிய கணநாத் ஒபேசேகர போன்றவர்கள் இந்தத் தீவில் இருந்தார்கள். அவர்கள் வேலையைப் பார்த்தால் நம் கதைகளுக்குக் கிரேக்கச் சட்டை தைக்க வேண்டியதில்லை என்று தெரியும். சம்பந்தரின் பதிகங்களில் எட்டாம் பாட்டு வழக்கமாக இராவணனுக்கு. மலையை எடுத்தான், விரலால் ஊன்றப்பட்டான், பாடினான், அருள் பெற்றான். குற்றம், தண்டனை, வாக்குமூலம், விடுதலை எல்லாம் நான்கு அடியில் முடிந்துவிடும். எங்களுக்குத் தவணை போட்டே நான்கு வருடம்.

கரைவலைக்காரரிடம் வருகிறேன். அவர் வழக்கில் தாய் இல்லை, மகன் இருந்தான்.

காலையில் வலை இழுத்து முடித்து மீன் பிரித்துப் பங்கு பார்க்கும் நேரம். பங்கு குறைவு என்று இவர் முணுமுணுத்திருக்கிறார். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியார், "உனக்கு எதற்குப் பங்கு? உன் மகனுக்குக் கொடுக்கிறேன், உன்னைவிட அவன் நன்றாக இழுக்கிறான்" என்றாராம். கயிற்றில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வயது மகன் பக்கத்தில் நின்றான். அடுத்த கணம் இவர் கையில் இருந்த தடி சம்மாட்டியாரின் நெற்றியில். நான்கு தையல்.

"சிரித்ததற்கா அடித்தாய்?" என்று கேட்கப்பட்டது.

"மகன் நின்றான்."

"மகன் நின்றதற்கு?"

"சிரித்தார்கள், ஐயா. மகனும் சிரித்தான்."

இதைச் சிங்களத்தில் சொல்லும்போது "லஜ்ஜாவ" என்ற சொல்லை நானே சேர்த்தேன். அவர் வெட்கம் என்று சொல்லவில்லை. முதலியார் சேர்க்கக் கூடாது, ஆனால் சேர்த்தேன். இன்னும் பொருத்தமான சொல் மானம். அதை மொழிபெயர்க்க எனக்குச் சிங்களம் போதவில்லை. மானம் போனால் உயிரை விடும் கவரிமாவைத் திருக்குறள் காட்டுகிறது. தன் உயிரை விடுகிறது, மற்றவன் நெற்றியை உடைப்பதில்லை. அந்த இரண்டும் எவ்வளவு கிட்டக் கிடக்கின்றன என்பதைப் பிற்காலத்தில் ஜேம்ஸ் கிலிகனைப் படித்தபோது கண்டேன்.

கிலிகன் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலச் சிறைகளில் பல வருடம் பணிபுரிந்த மனநல மருத்துவர். கொலைகாரர்களிடம் ஏன் செய்தாய் என்று கேட்டுக் கேட்டு, 1996இல் ஒரு நூல் எழுதினார். திரும்பத் திரும்ப அவருக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: அவன் என்னை மதிக்கவில்லை. கொள்ளைப் பொருளை விட, காசை விட, அவமானத்தை அழிப்பதுதான் அந்தச் செயல்களின் நோக்கம் என்று அவர் முடிவுக்கு வந்தார். அவமானப்படும் எல்லோரும் அடிப்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். மானத்தை மீட்க வேறு வழி இல்லாதவனாக, அந்த நேரத்தில் மற்றவன் மேல் இரக்கமோ தன் மேல் குற்றவுணர்வோ எழாதவனாக இருந்தால்தான் கை நீளும். படிப்பும் பதவியும் காசும் உள்ளவனுக்கு மீட்க வேறு வழிகள் உண்டு: சட்டத்தரணிக் கடிதம் அனுப்புவான், இடமாற்றம் கொடுப்பான். கரைவலைக்காரருக்குக் கையில் இருந்தது ஒரு தடி.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாரதூரமான, திடீரென்ற ஆத்திரமூட்டலில் செய்த கொலையைக் கொலைக் குற்றத்திலிருந்து கீழே இறக்க அதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சட்டத்தின் கேள்வி, ஆத்திரம் ஆற நேரம் இருந்ததா என்பது. மேல் நீதிமன்றத்தில் இந்த வாதத்தை நான் எத்தனையோ தடவை மொழிபெயர்த்திருக்கிறேன். பத்து நிமிடமா, அரை மணியா, இடையில் வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்தானா என்று அளப்பார்கள். உளப்பகுப்பாய்வுக்காரர் வந்து சாட்சி சொன்னால், அந்தச் சூடு முப்பது வருடம் பழையது, அன்றைய சிரிப்பு வெறும் தீக்குச்சி என்பார். அதை ஒரு நீதிபதி ஏற்றுக்கொண்டால் சிறையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஏற்காவிட்டாலும் அது பொய்யாகிவிடாது.

மெலனி கிளைன் என்ற பெண் உளப்பகுப்பாய்வாளர் சொன்ன ஒன்று இங்கே சேரும். நம் ஊரில், பொலிஸ் நிலையம் முதல் பாடசாலை வரை, குற்றம் செய்பவனுக்கு மனச்சாட்சி இல்லை என்பார்கள். கிளைன் மறுபக்கம் போனார்: மனச்சாட்சி இல்லாமல் அல்ல, உள்ளே உட்கார்ந்திருக்கும் நீதவான் பயங்கரமானவராக இருப்பதால்தான் சிலர் வெளியே தாக்குகிறார்கள் என்றார். எனக்கு இது உடனே பிடிபட்டது. கடும் தண்டனை கொடுக்கும் நீதவான் வந்த காலங்களில் எதிரிகள் திருந்தியதில்லை. தவணைக்கு வராமல் ஒளிந்தார்கள்; பிடியாணைகள்தான் பெருகின.

இதைச் செய்துகாட்டிப் பார்த்தவர் வியன்னாவின் ஒகஸ்ட் ஐக்ஹோர்ன். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு ஒபர்ஹொல்லப்ரூன் என்ற இடத்தில் வழிதவறிய பையன்களுக்கு ஒரு விடுதி நடத்தினார். மிக மூர்க்கமான குழுவைத் தனியே வைத்து, அவர்கள் என்ன செய்தாலும் தண்டிக்கக் கூடாது என்று பணியாளருக்குச் சொல்லிவிட்டார். பையன்கள் தளபாடங்களை உடைத்தார்கள், ஜன்னல்களை நொறுக்கினார்கள், நாளுக்கு நாள் கூடியது. எதிர்ப்பு வரும் வரும் என்று பார்த்தவர்களுக்கு அது வரவேயில்லை. கடைசியில் கோபம் நடிப்பாகி, நடிப்பு உடைந்து அழுகையாகியது. அதன் பிறகுதான் அவர்களோடு பேச முடிந்ததாம். 1925இல் அவர் எழுதிய நூலுக்குப் பிராய்ட் முன்னுரை கொடுத்தார். இதை இங்கே ஓர் ஆசிரியர் நண்பரிடம் சொன்னேன். "மேசை கதிரைக்குக் காசு யார் கொடுப்பது?" என்றார். நியாயமான கேள்வி. அவர் பிரம்பு வைத்திருப்பவர். அவருக்கு அடித்த ஆசிரியரின் பெயரை இன்றும் பயபக்தியோடு சொல்பவர்.

தொண்ணூறுகளில் எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் விளையாடிய ஒரு விளையாட்டு உண்டு. இரண்டு கதிரைக்குக் குறுக்கே தும்புத்தடி, அதுதான் சோதனைச் சாவடி. வருகிற போகிற பெரியவர்களை மறித்து அடையாள அட்டை கேட்பார்கள். என் மாமனார் பொறுமையாக வெற்றிலைப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுப் போவார். யார் ஆமி, யார் சனம் என்று ஒவ்வொரு நாளும் சண்டை. சனமாக இருக்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். கடைசியில் சின்னப் பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் சனமாக்கி வரிசையில் நிறுத்துவார்கள். பயமுறுத்துகிறவனாகத் தானே மாறிப் பயத்தைக் கடப்பதை பிராய்டின் மகள் அன்னா பிராய்ட் 1936இலேயே எழுதியிருக்கிறார். எங்கள் ஒழுங்கைக்கு அது ஒரு நாளும் புத்தகச் செய்தியாக இருந்ததில்லை. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இப்போது வங்கியிலும் கச்சேரியிலும் இருக்கிறார்கள். ஒருவன் மட்டும் மனைவியை அடித்து வழக்குக்கு வந்தான். அவன் அந்த விளையாட்டில் எப்போதும் சனமாக நிற்க வைக்கப்பட்டவன் என்று எனக்கு நினைவு. நினைவு என் வசதிக்கு வளைந்திருக்கவும் கூடும்.

அதுதான் சிக்கல். எதை வைத்தாலும் பொருந்துகிறது. கார்ல் பொப்பர் என்ற தத்துவஞானி 1963இல் வெளிவந்த நூலில் இதையே கேட்டார். ஒருவன் ஒரு பிள்ளையைத் தண்ணீரில் தள்ளுகிறான், கொல்வதற்காக. இன்னொருவன் அந்தப் பிள்ளையைக் காக்கக் குதித்து உயிரைக் கொடுக்கிறான். பிராய்டின் கொள்கை இரண்டையும் அதே சுலபத்தோடு விளக்கிவிடும்: முன்னவன் உள்ளே இருந்ததை அமுக்கி வைத்தான், பின்னவன் அதை உயர்ந்த வழியில் திருப்பிவிட்டான். எங்கள் ஊர் டச்சுக் குடாக் கரையில் ஒரே நாளில் இரண்டும் நடந்தாலும் சாத்திரம் திகைக்காது. திகைக்காத சாட்சியை எந்தச் சட்டத்தரணியும் நம்ப மாட்டார்.

இதைப் பிராய்டே ஓரிடத்தில் ஒப்புக்கொண்டார் என்பதுதான் எனக்கு அவர்மேல் மதிப்பை உண்டாக்கியது. 1928இல் ஒஸ்திரியாவின் மலைப்பகுதியில் தந்தையும் மகனும் நடைபயணம் போனார்கள். தந்தை இறந்தார், மகன் பிலிப் ஹால்ஸ்மன் கைதானார். யூத இளைஞர், நேரடிச் சாட்சி இல்லை, ஊரில் யூத வெறுப்பு. மருத்துவ பீடம் கொடுத்த அபிப்பிராயத்தில் ஈடிப்பஸ் சிக்கலும் இழுக்கப்பட்டது: தந்தைமேல் மகனுக்கு உள்ளுக்குள் பகை இருக்கும் என்று. பிராய்ட் எழுதிய சின்னக் குறிப்பு 1931இல் வெளியானது. அந்தச் சிக்கல் எல்லோரிடமும் எப்போதும் இருப்பது. அதனாலேயே யார் குற்றவாளி என்று தீர்மானிக்க அது உதவாது என்றார். தன் சாத்திரத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பை எடுத்து, இது சாட்சியமாகாது என்று தானே கூண்டிலிருந்து இறக்கிவிட்டார். ஹால்ஸ்மன் 1930இலேயே மன்னிப்பளிக்கப்பட்டிருந்தார்; பின்னர் அமெரிக்கா போய்ப் பெரிய புகைப்படக்காரர் ஆனார். பிரபலங்களைக் குதிக்கச் சொல்லிப் படமெடுத்தவர் அவர்தான்.

நீதிமன்றத்தில் "குற்றவாளியா, சுற்றவாளியா" என்று ஆயிரக்கணக்கான தடவை கேட்டவன் நான். அந்தக் கேள்விக்கு உளப்பகுப்பாய்விடம் பதில் இல்லை, இருக்கவும் கூடாது. தீர்ப்புக்குப் பிறகு, ஆளை ஆறு மாதமோ ஆறு வருடமோ எங்கோ வைத்திருக்கப் போகிறோமே, அந்தக் காலத்தில் அவனிடம் யாராவது என்ன கேட்பது என்ற இடத்தில்தான் அதற்கு வேலை. அந்த இடத்தில் எங்களிடம் ஒருவரும் இல்லை.

எல்லா வன்முறையையும் இந்தத் தராசில் வைக்கவும் எனக்கு மனமில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்குக் கிட்ட, கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019இல் சந்தேகநபர்கள் பதின்மூன்று பேரும் சாட்சியம் போதாதென்று விடுவிக்கப்பட்டார்கள். அங்கே போய் யாருடைய சிறுவயதை விசாரிப்பது? போர் ஒரு சமூகத்தின் மனத்துக்கு என்ன செய்கிறது என்று வருடக்கணக்காக எழுதிய யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனி ஆளை மட்டும் பார்த்தால் போதாது, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவந்தவர். அந்தக் கடற்கரையில் மாலையில் நடக்கும்போது எனக்கு அது விளங்குகிறது. கச்சான் வாங்கிக்கொண்டு போகும் கூட்டத்தில் அந்த இடம் வந்ததும் சிலர் பேச்சைக் குறைப்பார்கள். தாங்கள் குறைப்பது அவர்களுக்கே தெரியாது.

போன மாதம் வைத்தியசாலைக்குப் போய்விட்டு முச்சக்கரவண்டி ஒன்றைக் கைநீட்டி மறித்தேன். ஏறி உட்கார்ந்ததும் சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "முதலியார் ஐயாதானே?" என்றான். முப்பது தாண்டிய முகம். எனக்குப் பிடிபடவில்லை. "சைக்கிள், ஐயா. உவர்மலை." சிரித்தான். அம்மம்மா போய்விட்டாராம். தாய் வந்து இங்கேதான் இருக்கிறாராம், முழங்கால் வலியாம். அவருக்கு மருந்தெடுக்கத்தான் காலையில் வந்தானாம். வண்டி சொந்தமாம், லீசிங் முடிய இன்னும் பதினொரு மாதமாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை குறிப்புகளையும் மொழிபெயர்த்துவிட்டுச் சும்மா இறங்கிப் போக முடியுமா? "தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. எடுத்த சைக்கிளை ஏன் அந்தக் கடைக்கே கொண்டுபோய் நிறுத்தினாய்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. உட்துறைமுக வீதியில் ஒரு லொறியை முந்தினான்.

"அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை, ஐயா. இறக்கத்தால் வந்தது, நிற்கவில்லை. அவருடைய கடைப்படியில் இடித்துத்தான் நின்றது."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். பிறகுதான் தோன்றியது: சனிக்கிழமை எடுத்தவன், செவ்வாய் வரை மூன்று நாள் அதில் ஓடியவன், பிரேக் இல்லை என்பது தெரிந்தவன், இவ்வளவு பெரிய ஊரில் அந்த இறக்கத்துக்கு ஏன் போனான்? கேட்க வாயெடுத்தேன். பஸ் நிலையம் வந்துவிட்டது. காசை நீட்டினேன், அவன் வாங்கவில்லை.